ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த படம்

படப்பிடிப்பின் நான்காம் நாள் காலையில் எங்கள் கதாநாயகி தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தார். கோயம்புத்தூரில் பல வருடங்கள் மேடை நாடகம் போட்டவர், நல்ல நடிகை. மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்த மண்ணில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, அவரை அங்கே போய் நிற்கச் சொன்ன எனக்கும் தெரியாது. கணுக்கால் முறிந்துவிட்டது. ஜீப்பில் ஏற்றும்போது வலியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "படத்த மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். மாட்டேன் என்று தலையாட்டினேன். ஜீப் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் எப்படி என்ற கேள்வி வந்தது.

நான் பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் நல்லேப்பிள்ளிக்காரன். இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். சித்தூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் எந்த மண்டபத்தில் எந்த நேரத்துக்கு வெளிச்சம் எங்கே விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாங்கள் படம் எடுத்த மலை ஊரான ஏலப்பாறைக்கு முதன்முதலில் போனதும் ஒரு கல்யாணத்துக்குத்தான். மாப்பிள்ளை எங்கள் ஊர், பெண் அங்கே எஸ்டேட் குடும்பம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை லயத்துப் பக்கம் சும்மா நடந்துகொண்டிருந்தேன். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்துவிட்டான், வீடு அவன் வேலைக்காகக் கொடுத்தது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் எடுத்து முடித்தவள், துடைப்பத்தோடு மறுபடி உள்ளே போனாள். அந்தக் காலி வீட்டை மூலை முடுக்கு விடாமல் கூட்டிவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினாள்.

அந்தக் காட்சிக்காகத்தான் மூன்று வருடம் உட்கார்ந்து கதை எழுதினேன். ஏழு பேரோடு, பதினெட்டு நாளில் முடித்துவிடுவது என்று திட்டம் போட்டு மலை ஏறினேன்.

நடிகை விழுந்ததும் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எல்லாருக்கும் அடுத்த வேலை இருந்தது. மிஞ்சியது நானும் ஒளிப்பதிவு செய்த பெண்ணும்தான். அவள் பாலக்காடு கல்பாத்தியைச் சேர்ந்தவள். வீட்டில் மற்றவர்களெல்லாம் சென்னை, பெங்களூர் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, இவள் ஒருத்தி மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறாள் என்று அவள் அம்மாவுக்குத் தீராத வருத்தம். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை அண்ணா. நீங்க யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நடிகைக்குத் தேயிலை பறிக்கச் சொல்லிக் கொடுப்பதற்காக ஒரு பெண் தொழிலாளியை வரச் சொல்லியிருந்தோம். அவரைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும். நாற்பத்தொரு வயது. என்னைவிட ஐந்து வயது இளையவர். எஸ்டேட்டிலேயே பிறந்து எஸ்டேட்டிலேயே வேலை செய்கிறவர். அவருடைய கணவருக்கு ஃபாக்டரியில் வேலை. முதல் நாள் அவர் வந்தபோது கையில் ஒரு பெரிய கத்திரி இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் வெட்டிய கொழுந்து விழுவதற்குப் பெட்டி மாதிரி ஒன்று மாட்டியிருந்தது.

எனக்குத் திக்கென்றது. என் கதையில் பக்கத்துக்குப் பக்கம் விரல்கள் வரும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற விரல்கள். போஸ்டருக்குக்கூட அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன்.

"ஏனுங்க, கையில கிள்றது இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"கையிலயா? காலண்டர்லதாம் கையில கிள்ளுவாக. இங்ஙன எல்லாம் கத்திரிதாம் சார். நாள் பூரா இத ஆட்டி ஆட்டித் தோளு எறங்கிப் போச்சு. வேணும்னா தோள எடுங்க."

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஒளிப்பதிவாளர் கேமராவைத் திருப்பி அவருடைய தோளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "அண்ணா, விரலை விட்டுடலாம். இதுதான் நன்னா இருக்கு, கேட்டேளா" என்றாள்.

நடிகை போன மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போய், நீங்களே நடிக்க முடியுமா என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, "அப்புறம் அந்த மாடு என்னாச்சி?" "அவ மாமியாரு எங்க போயிட்டாக?" என்று கேட்டார். மூன்று வருடம் எழுதிய கதையில் ஒரு மாட்டையும் ஒரு மாமியாரையும் பாதியில் விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"செய்யுதேன்" என்றார் கடைசியில். "ஆனா திங்கள்லேர்ந்து சனி வர வேல இருக்கு. லீவு போட மாட்டேன். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து பதினோரு மணிக்கி நிப்பேன். மூணு மணிக்கு மேல மஞ்சு எறங்கிரும், அதையும் பாத்துக்கிடுங்க."

மூடுபனி இறங்கும் வரைக்கும், வாரத்துக்கு நான்கு மணி நேரம். பதினெட்டு நாளில் எடுக்க நினைத்த படம் பதினான்கு மாதம் ஆனதற்கு இதுதான் காரணம்.

கல்யாண வீடியோக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய நாள். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி கல்யாணம் அன்றைக்குத்தான் வைப்பார்கள். "ஞாயித்துக்கெழம கல்யாணத்தையெல்லாம் உட்டுப்போட்டா ஆராவது உங்களக் கூப்புடுவாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "செரி, போங்க. போகாம ஊட்டுல இருந்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத்தான இருப்பீங்க" என்று பையில் சட்டையை மடித்து வைத்தாள். சனிக்கிழமை விடிந்ததும் சித்தூர் பஸ், பாலக்காட்டில் ரயில், கோட்டயத்தில் இறங்கி மலைப் பஸ், குட்டிக்கானம் தாண்டி ஏலப்பாறை. பதினான்கு மாதமும் இதே வழி.

முதல் ஞாயிறு நான் எழுதிய வசனத்தைப் படித்துக் காட்டினேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வரும்போது கதாநாயகி பேச வேண்டியது. 'இந்த மண்ணுக்கு என் ரத்தத்தைத் தண்ணியா ஊத்தியிருக்கேன்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் ஓடும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இத யாரு சார் சொல்லுவா? நான் இப்படிப் பேசுனா பக்கத்து வீட்டுக்காரி சிரிச்சிர மாட்டாளா?"

"நீங்களா இருந்தா என்னங்க சொல்லுவீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்க்கவே ஒரு மரியாதை வரும். கண்ணை எங்கேயும் ஓட்ட மாட்டார், கையைப் பிசைய மாட்டார். கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

"'என்னைக்கு?'ன்னு கேப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு பக்க வசனம் போய் ஒற்றைச் சொல் வந்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினோரு தடவை திருத்தி எழுதிய பக்கம் அது. ஆனால் கேமராவுக்கு முன்னால் அவர் வாசற்படியில் நின்று, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு "என்னைக்கு?" என்று கேட்டபோது, மைக்கைப் பிடித்திருந்த நான் 'கட்' சொல்ல மறந்துவிட்டேன். ஒலிப்பதிவுக்கு வந்தவர் போய்விட்டதால் அந்த வேலையையும் நானேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. கடிதம் வருகிற காட்சிக்கு வந்தோம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் உடைந்து அழுகிறாள் என்று எழுதியிருந்தேன். ஒத்திகையில் அவர் கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்துப் படித்தார். இரண்டாக மடித்தார். அரிசிப் பானை மூடியைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் காய்ந்த விறகை அள்ளி உள்ளே போட ஆரம்பித்தார். நிஜமாகவே தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"அழுகையே வரலீங்களே" என்றேன்.

"அழ இப்ப நேரமில்லண்ணே. வெறகு நனையுதுல்லா?" அதற்குள் நான் அவருக்கு அண்ணன் ஆகியிருந்தேன்.

நான் விடவில்லை. கல்யாண வீட்டில் பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அழுவதைத்தான் வீடியோவில் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். அழாத பெண்களைக்கூட அம்மாவைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கச் சொல்லி அழ வைத்திருக்கிறேன். அதே வித்தையை இங்கேயும் காட்டினேன். செத்துப்போனவர்களை நினைக்கச் சொன்னேன். ஏழு தடவை எடுத்தோம். ஏழாவது தடவை அவர் அழுதார். எடுத்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊருக்கு வந்து அந்தக் காட்சியை எடிட் செய்ய உட்கார்ந்தேன். மனைவி டீ கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தம்மா அழுகறது நம்ம மண்டபத்துல அழுகற மாதிரியே இருக்குதுங்க."

சொல்லிவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது உண்மை. ஏழு தடவையும் என் கல்யாண வீடியோதான். அந்தப் பெண்ணின் துக்கத்தை எனக்குத் தெரிந்த ஒரே அச்சில் வார்த்திருந்தேன். அதைவிட, அவருடைய சொந்தத் துக்கம் எதையோ கிளறி எடுத்து அதை வீணாக்கியும் இருந்தேன்.

ஒளிப்பதிவாளருக்கு போன் செய்து, அடுத்த வாரம் அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். "திரும்ப எடுக்க வேண்டாம் அண்ணா. கோச்சுக்காதீங்கோ. ஒத்திகை நடக்கறச்சேயே நான் கேமராவை ஓட விட்டுட்டேன். கார்டில் இருக்கு, பாருங்கோ."

இருந்தது. மூடி, மடித்த கடிதம், விறகு, தூறல், எல்லாம். இன்றைக்கும் படத்தில் இருப்பது அதுதான்.

அடுத்த ஞாயிறு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டீங்க, நான் செஞ்சேன். ஆனா இனிமே எங்க அம்மய நெனைக்கச் சொல்லாதீங்க" என்றார்.

ஜூலை மழையில் அடுத்த அடி விழுந்தது. லயத்தின் கடைசியில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டைத்தான் கதாநாயகியின் வீடாக வைத்திருந்தோம். ஒரு புதன்கிழமை அவர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, வீடு விழுந்திருச்சி" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கத்துச் சுவருங்க?" என்பது. ஜன்னல் இருந்த சுவரா, அடுப்பு இருந்த சுவரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உள்ளே எடுக்க வேண்டிய காட்சிகள் ஆறு பாக்கி.

"ஆளுக்கு ஒண்ணும் இல்லண்ணே. பக்கத்து வீட்டுப் புள்ளைக அங்ஙனதாம் வெளையாடும். நல்ல வேள, பள்ளிக்கூடம் போயிருந்துச்சுக" என்றார். நான் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னார். அந்த வெட்கம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஞாயிறு போய்ப் பார்த்தால் ஈர மண்ணும் ஓடும் குவிந்து கிடந்தன. அடுப்புப் பக்கம் முழுக்கப் போயிருந்தது. மிஞ்சிய ஒரு சுவரில் நாங்கள் மாட்டிய காலண்டர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. படம் முடிந்தது என்றே நினைத்தேன். வேறு வீட்டுக்கு மாற்றினால் ஏற்கெனவே எடுத்தவை ஒட்டாது. செட் போடுகிற நிலைமை எங்களுக்கு இல்லை. ஒளிப்பதிவாளர் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள். அவர் மட்டும் அந்தக் குவியலைச் சுற்றி வந்து உடையாத ஓடுகளை ஒரு பக்கமாக எடுத்து அடுக்கினார். அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏண்ணே, கதையிலயும் இந்த வீட்டுச் சுவரு விழுந்துட்டுன்னு வச்சிக்கிடுவோம். அந்தப் பொம்பள என்ன செய்வா?"

"என்னங்க செய்வா?"

"என்ன செய்வா? வாசல்ல படுதா கட்டி அடுப்பு வைப்பா. போன தடவ மழையில எங்க வரிசையில நாலு வீடு அப்படித்தாம் சமைச்சோம்."

நானும் ஒளிப்பதிவாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு காட்சிகளையும் வாசலுக்குக் கொண்டுவந்தோம். நீலப் படுதா கட்டி, மூன்று கல் வைத்து, சாக்கை விரித்து, அங்கேயே சமையல், அங்கேயே சண்டை, அங்கேயே மகளாக நடித்த லயத்துப் பிள்ளைக்குத் தலைவாருதல். உள்ளே இருட்டில் எடுத்திருந்தால் எந்தப் படத்திலும் பார்க்கிற காட்சிகளாகத்தான் அவை இருந்திருக்கும். வெளியே அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மலை முழுக்கத் தேயிலை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவள் சோறு பொங்குவதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே வீடு அவளை விட்டுப் போய்விட்டிருந்தது. மூன்று வருடம் எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை. இடிந்த சுவருக்குப் பக்கத்தில் ஓடு அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் தோன்றியது.

அவர் கதை எழுதியவர் இல்லை, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஆனால் எந்தக் காட்சியிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அடுத்து அவள் என்ன வேலை செய்வாள்? நான் அவள் என்ன நினைப்பாள், என்ன உணர்வாள் என்றே போய்க்கொண்டிருந்தேன். அவர் கைக்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், நினைப்பும் உணர்ச்சியும் தானாக வந்து முகத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இதன் முழு அர்த்தம் கொச்சியில் டப்பிங்கின்போதுதான் புரிந்தது. நான் பிடித்த மைக்கில் பாதி வசனம் படுதாவில் விழுந்த மழையோடு கலந்து போயிருந்தது. மறுபடி பேசித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் அவர் லீவு எடுத்தார். பதினான்கு மாதத்தில் அது ஒன்றுதான். விடியற்காலை பஸ் பிடித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டி நிற்க வைத்தோம். திரையில் தன்னையே முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தார். பார்த்ததும் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். பேச ஆரம்பித்தால் திரையில் அசைகிற வாயோடு பேச்சு ஒட்டவில்லை. குரலில் உயிரே இல்லை, பாடப் புத்தகம் ஒப்பிக்கிற குழந்தை மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் போராடினோம். ஸ்டூடியோவில் இருந்த ஒலிப்பதிவாளர் கொச்சிக்காரர், பல பெரிய நடிகர்களுக்குப் பதிவு செய்தவர். வேறு யாரையாவது வைத்துக் குரல் கொடுத்துக்கொள்ளலாமே என்று மலையாளத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு நின்றவருக்கு அது கேட்டுவிட்டது. மலையாளம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"கையில ஒண்ணும் இல்லாம நின்னா எனக்கு வாய் வராதுண்ணே. அந்தச் சாக்கு இருக்கா?"

சாக்குக்கு எங்கே போவது? ஸ்டூடியோவில் தரை துடைக்க வைத்திருந்த ஒரு பழைய துணி கிடைத்தது. அதை வாங்கி உதறினார். திரையில் சாக்கை மடிக்கிற காட்சி ஓடியது. அவரும் துணியை மடித்துக்கொண்டே பேசினார். ஒரே தடவையில் ஒட்டியது. விறகுக் காட்சிக்கு நாற்காலியைத் தூக்கி இறக்கினார். மூச்சு வாங்கியது, அந்த மூச்சும் திரையில் இருந்த மூச்சோடு சேர்ந்தது. மகளைத் திட்டுகிற காட்சிக்கு எங்கள் ஒளிப்பதிவாளரைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, அவள் தலையை வாரிக்கொண்டே திட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. கொச்சிக்காரர் வெளியே வந்து, வேறு குரல் என்று சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தத் துணியைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

படத்தை முதலில் ஏலப்பாறையில்தான் காட்டினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயில் ஹாலில், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி. எஸ்டேட் சனம் முழுக்க வந்திருந்தது. நான் ரொம்ப சோகம் என்று நினைத்த இரண்டு இடத்தில் சிரித்தார்கள். மாடு வருகிற காட்சியில் கை தட்டினார்கள், அந்த மாட்டை எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அவள் அந்த இடிந்த வீட்டின் காலித் தரையைக் கூட்டுகிறபோது, ஓடித் திரிந்த குழந்தைகளைக்கூட மடியில் பிடித்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாரும் போன பிறகு அவரிடம் போனேன். அவர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படீங்க இருந்துது?"

"நல்லாத்தாம் இருக்கு." ஒரு நாற்காலியை மடக்கினார். "அண்ணே, நான் ஒண்ணு கேக்கலாமா? பதினாலு மாசமா என்னையப் பாத்தீங்கள்லா, நான் சிரிச்சதே இல்லயா?"

"ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?"

"படத்துல அந்தப் பொம்பள ஒரு தடவகூடச் சிரிக்கலியே. பாக்குறவுக நாங்க நாள் பூரா அழுதுகிட்டே இருக்கோம்னு நெனச்சிற மாட்டாகளா?"

ஒளிப்பதிவாளர் என்னைப் பார்க்காமல் கறுப்புத் துணியை மடித்தாள். எனக்குப் பதில் தெரியும். அவர் சிரித்திருக்கிறார். நிறையச் சிரித்திருக்கிறார். ஒவ்வொரு சிரிப்பையும் நான்தான் வெட்டி எறிந்தேன், அது தவறுதலாக வந்தது என்று. கண்ணீரை நீக்கக் கற்றுக்கொண்டவன் அதற்குப் பதிலாகச் சோகத்தை மட்டும் சேர்த்து வைத்திருந்தேன். மரியாதை என்று நினைத்து அந்தப் பெண்ணைக் கல்லாக்கி வைத்திருந்தேன்.

ஊருக்கு வந்து ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். ஒரு வாரம் அவருடைய சிரிப்பை மட்டும் தேடினேன். படுதாவுக்கு அடியில் சமைக்கிற காட்சியில் ஒரு தடவை பெருங்காற்று அடித்து, பானை மூடி உருண்டு சரிவில் ஓடியது. அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். மூடி ஒவ்வொரு செடியிலும் முட்டி நின்று, அவர் கிட்டே வந்ததும் மறுபடி உருண்டது. கடைசியில் அதைப் பிடிக்க முடியாமல் சரிவிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் 'கட்' சொல்லிவிட்டேன். ஒளிப்பதிவாளர் வழக்கம்போல நிறுத்தவில்லை. இரண்டு நிமிடக் காட்சி. கடிதத்துக்கும் காலி செய்வதற்கும் நடுவில் அதை வைத்தேன். படத்தை மறுபடி முழுக்கப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு காட்சியும் வேறாகிவிட்டது. இப்போதுதான் அவள் எதை விட்டுவிட்டுப் போகிறாள் என்று எனக்கே தெரிந்தது.

படம் பெரிய தியேட்டர் எதற்கும் போகவில்லை. சின்னச் சின்ன விழாக்களுக்குப் போனது. ஒரு சனி ஞாயிறில் கோட்டயத்தில் காட்டியபோது அவரையும் அழைத்துப் போனோம். எங்கள் படம் ஞாயிறு காலை பத்தரைக்கு. முடிந்ததும் மேடையில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள், அவர் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். மூன்று மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, சாப்பிடப் போகலாம் என்றேன். "இங்க அடுத்த படம் போடுதாகளே, பாக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

அது ஏதோ வெளிநாட்டுப் படம். பாஷையும் தெரியாது, கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தும் அவருக்குப் படிக்க வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். கையைத் தொட்டு, வேண்டாம் என்றார். இரண்டு மணி நேரம் சாய்ந்துகூட உட்காராமல் பார்த்தார்.

பஸ் முண்டக்கயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்தான் பேசினார்.

"அதுல மீன் கழுவுன பொண்ணு இருக்காள்லா, அவ நெசமாவே மீன் கழுவுறவதாம். கத்தி பிடிச்சதுலயே தெரிஞ்சிட்டு. ஆனா அவ புருஷனா வந்தவன் நடிகன். வலைய அவனுக்குப் பிடிக்கத் தெரியல."

"அப்படீங்களா? நான் கவனிக்கலீங்க."

"அவ அவனப் பாத்து அரிசி போதுமான்னு கேட்டாள்லா, அப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

அந்த இடத்தில் அந்தப் பெண் கேட்டது அரிசியைப் பற்றித்தான். கீழே ஓடிய எழுத்தை நான் படித்திருந்தேன். அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவர் அந்தப் படத்தை முதலிலிருந்து காட்சி காட்சியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. தப்பாக இருந்த இரண்டு இடத்தில், அவர் சொன்ன கதை அந்தப் படத்தைவிட நன்றாக இருந்தது.